பழைய கேம் மெஷினும் கீறிய சீடியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மட்டக்களப்பில், கல்லடியில் வீட்டு விறாந்தையில்தான் என்னுடைய ரிப்பேர் மேசை. பிளேஸ்டேஷன் (சுருக்கமாக பிஎஸ்), எக்ஸ்பொக்ஸ், எப்போதாவது ஒரு நின்டெண்டோ வீ. ஏறாவூரிலிருந்து வந்தாலும் கல்முனையிலிருந்து வந்தாலும் முதல் பத்து நிமிடம் ஒரே கதைதான் நடக்கிறது: மெஷின் சீடியைக் கீறிவிட்டது, மெஷின் சீடியை வாசிக்கவில்லை, என்ன செய்யலாம்? ஒவ்வொருவருக்கும் முதலில் இருந்து சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். டிவிடியாக இருந்தாலும் புளூ-ரேயாக இருந்தாலும் எங்கள் ஆட்களுக்கு எல்லாம் சீடிதான். நானும் அப்படியே எழுதுகிறேன். வித்தியாசம் முக்கியமான இடத்தில் மட்டும் பிரித்துச் சொல்கிறேன்.

கீறல் விழுந்த சீடியைப் பார்த்து, அது மெஷின் செய்ததா பிள்ளைகள் செய்ததா என்று சொல்ல முடியுமா?

முடியும். வீட்டில் சண்டை பிடிக்க முதல் சீடியை யன்னலடிக்குக் கொண்டுபோய், வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். கீறலின் வடிவத்திலேயே விடை இருக்கிறது.

கவராயம் வைத்துக் கீறியது போல, நடுத் துளையைச் சுற்றி ஒழுங்கான வட்டமோ வட்டத்தில் ஒரு பெரிய பகுதியோ தெரிந்தால், அது சுழலும்போது விழுந்த கீறல். எந்தப் பிள்ளையும் கையால் அவ்வளவு திருத்தமாக வட்டம் போடாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக, குறுக்கும் நெடுக்குமாக, மயிரிழை போலப் பல கோடுகள் இருந்தால் அது கைவேலை. மேசையில் முகம் குப்புற வைத்தது, சாரத்தின் நுனியால் துடைத்தது, பெட்டி இல்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும் ஒற்றைக் கோடு என்றால் பெரும்பாலும் ட்ரேயில் சரியாக உட்காராமல் உள்ளே தள்ளியிருக்கிறார்கள்.

ஆரையம்பதியில் இருந்து ஒரு தாய் தன் மகனைக் காதைப் பிடித்தபடி கூட்டி வந்தார். கையில் நாலு சீடி. நாலிலும் ஒரே இடத்தில், ஓரத்திலிருந்து ஒரு விரல் உள்ளே, ஒரே அளவு வட்டம். "மகனை விடுங்கோ அக்கா, மெஷினுக்குள்ளே ஏதோ உரசுது" என்றேன். நாலு சீடியிலும் ஒரே இடம் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. ஒரு சீடியில் மட்டும் வட்டம் என்றால் அன்றைக்கு மெஷின் ஆடியிருக்கிறது. எல்லாவற்றிலும் அதே வட்டம் என்றால் உள்ளே ஒரு பொருள் தூக்கிக்கொண்டு நிற்கிறது. முதலாவதற்குப் பழக்கத்தை மாற்ற வேண்டும், இரண்டாவதற்கு மெஷினைத் திறக்க வேண்டும்.

என் சீடியில் நூறு கீறல், ஆனால் ஓடுகிறது. தம்பியின் சீடியில் ஒரே ஒரு வட்டம், ஓடவில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை விளங்கினால் மிச்சம் எல்லாம் விளங்கும்.

சீடியில் தரவு ஒரே சுருளாக, உள்ளிருந்து வெளியே சுற்றிச் சுற்றி ஓடுகிறது. டிவிடியில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 0.74 மைக்ரோமீற்றர். ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் கிட்டத்தட்ட நூறு சுற்று அடங்கிவிடும். கீறல், தூசு எல்லாம் வரும் என்று தெரிந்துதான் இதை வடிவமைத்தார்கள். அதனால் தரவோடு சேர்த்து, விடுபட்டதைக் கணக்குப் போட்டு மீட்கும் குறியீடுகளையும் எழுதி வைத்திருக்கிறார்கள். பாதையின் வழியே தொடர்ச்சியாக சீடியில் ஏறக்குறைய 2.5 மில்லிமீற்றர், டிவிடியில் ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் வரை அழிந்தாலும் மெஷின் சமாளித்துக்கொள்ளும்.

நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும் கீறல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒரு சுற்றில் கொஞ்சத்தைத்தான் வெட்டுகிறது. றோட்டைக் குறுக்கே வெட்டிப் போன வாய்க்கால் மாதிரி, சைக்கிள் ஒரு தூக்குத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடந்துவிடும். வட்டக் கீறலோ றோட்டின் நீளத்துக்கே தோண்டிய கான். பாதையோடு பாதையாகவே ஓடுவதால் மீட்பதற்கு எதுவும் மிஞ்சாது.

துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்க வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். துணியில் ஒரு மணல் துணிக்கை இருந்து கீறிவிட்டாலும் அது குறுக்குக் கீறலாகப் போகட்டும். கடற்கரைப் பக்கம் இருக்கும் எங்கள் வீடுகளில் துணியில் மணல் இல்லாத நாள் எது?

எக்ஸ்பொக்ஸ் 360 தான் சீடியைக் கூடக் கீறும் என்கிறார்களே, உண்மையா?

பழைய, தடித்த 360ஐப் பற்றி என்றால், உண்மை. ஆனால் சும்மா மேசையில் அசையாமல் இருக்கும் மெஷின் கீறுவது அபூர்வம். ஓடிக்கொண்டிருக்கும்போது அசைத்தால்தான் கீறும்.

அதில் இருப்பது 12 மடங்கு வேக டிவிடி டிரைவ். சீடி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றுகிறது. வேகமாகச் சுற்றும் பம்பரத்தைக் கையால் சாய்த்துப் பாருங்கள், நீங்கள் சாய்க்கும் பக்கம் போகாமல் வேறு பக்கம் தள்ளும். சீடியும் அதைத்தான் செய்கிறது. மெஷினை நிமிர்த்தியிலிருந்து படுக்கைக்கு மாற்றினால், சீடி தன் தட்டில் ஒரு பக்கம் தாழ்ந்து, அதை வாசிக்கும் லேசர் தலையின் பிளாஸ்டிக்கில் போய் உரசுகிறது. "கிர்ர்" என்று ஒரு சத்தம், ஒரு விநாடி. அவ்வளவுதான், வட்டம் விழுந்துவிட்டது. மற்ற டிரைவ்கள் பலவற்றில் லேசர் தலைக்குப் பக்கத்தில் சின்ன றப்பர் அல்லது மெத்தைத் துண்டுகள் இருக்கும். சீடி தாழ்ந்தால் அதில் தொட்டு நிற்கும். இதில் அது இல்லை.

மெஷின் அமெரிக்காவில் 2005 நவம்பர் 22ஆம் திகதி விற்பனைக்கு வந்தது. 2007இல் நெதர்லாந்தின் நுகர்வோர் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று இந்தக் கீறலைச் சோதித்துக் காட்டியது. அமெரிக்காவில் வழக்கும் போட்டார்கள். அந்த வழக்கில் 2008இல் வெளிவந்த ஆவணங்களின்படி, விற்பனைக்கு முன்னரே மைக்ரோசொஃப்ட்டின் டிரைவ் குழுவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. மூன்று வழிகளை யோசித்திருக்கிறார்கள். சீடியைப் பிடிக்கும் காந்தத்தைப் பலமாக்கலாம், ஆனால் ட்ரே திறந்து மூடுவதில் சிக்கல் வரும். வேகத்தைக் குறைக்கலாம், ஆனால் கேம் லோட் ஆக நேரம் எடுக்கும். அந்த மெத்தைத் துண்டுகளை வைக்கலாம், ஆனால் மொத்தமாக 3.5 கோடி முதல் 7.5 கோடி டொலர் வரை செலவாகும். மூன்றையும் விட்டுவிட்டார்கள். கம்பனியின் பக்க வாதம், முறைப்பாடு செய்தவர்கள் 0.4 வீதம்தான், பாவிப்பவர்களின் பிழையும் காரணமாக இருக்கலாம் என்பது. இன்னொரு வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 2017இல் தீர்ப்பு வந்தது. அது கீறலைப் பற்றிய தீர்ப்பு அல்ல, கூட்டு வழக்கில் எந்தக் கட்டத்தில் மேன்முறையீடு செய்யலாம் என்ற நடைமுறை பற்றியது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் சரி. ஓடும் மெஷினை அசைக்கக்கூடாது என்பது உண்மை. ஆனால் பிள்ளைகள் விளையாடும் சாமான் ஒருநாளும் அசையாது என்று நினைத்துச் செய்வதும் சரியில்லை.

அப்படியானால் 360 வாங்கவே கூடாதா?

அப்படி இல்லை. 2010 ஜூனில் வந்த மெல்லிய மொடல் வாங்குங்கள். அதிலும் "சீடி உள்ளே இருக்கும்போது அசைக்காதே" என்ற எச்சரிக்கை இருக்கிறது, ஆக அசைக்காதீர்கள். எதுவானாலும் படுக்கையாக வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் பார்க்க வடிவுதான், பூனை ஒன்று பாயும் வரை.

இன்னொரு நல்ல வழி: 2008 நவம்பரில் வந்த புது மென்பொருளுக்குப் பிறகு, கேமை முழுதாக ஹார்ட் டிஸ்கில் பதிந்துகொள்ளலாம். சீடி உள்ளே இருக்கத்தான் வேண்டும், ஒரிஜினல் என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகு சுற்றாது. சுற்றாத சீடிக்கு வட்டக் கீறல் வராது, லேசருக்கும் ஆயுள் கூடும், சத்தமும் இல்லை. என்னிடம் வரும் 360 காரர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாது. 360இன் இணையக் கடையை 2024 ஜூலை 29ஆம் திகதியோடு மூடிவிட்டார்கள். இனி அதில் புதுக் கேம் வாங்க முடியாது. கையிலிருக்கும் சீடிதான் சொத்து.

என்னுடையது பிஎஸ்2 சிலிம். அசைக்கவே இல்லை, ஆனாலும் வட்டமாகக் கீறுகிறது.

ஆரையம்பதி நாலு சீடியும் இந்தக் கதைதான். மூடியைத் திறந்தால் லேசர் தலையிலிருந்து போர்டுக்குப் போகும், நாடா போன்ற மெல்லிய வயர் தெரியும். லேசர் முன்னும் பின்னும் ஓடும்போது அந்த நாடா வளைந்து நிமிரும். வருடக் கணக்கில் வளைந்து வளைந்து, அல்லது யாரோ திறந்து பூட்டும்போது சரியாக மடிக்காமல் விட்டு, அது மேலே புடைத்துக்கொண்டு நிற்கும். சீடியின் அடியை ஒவ்வொரு சுற்றிலும் தடவும். பார்ப்பதற்கு மெத்தென்று இருக்கிறது, இதுவா கீறும் என்று எல்லோரும் கேட்பார்கள். நிமிடத்துக்கு ஆயிரம் தரம் ஒரே இடத்தில் தடவினால் கீறாமல் என்ன செய்யும்?

மெஷினைத் திறந்து, நாடாவைச் சரியாக மடித்து, கீழே ஒட்டிவிட்டால் முடிந்தது. பெரிய வேலை இல்லை. ஆனால் அதுவரை நல்ல சீடி எதையும் உள்ளே போட வேண்டாம். சோதிப்பதற்கென்று நான் ஒரு பழைய படச் சீடி வைத்திருக்கிறேன். அது இப்போது கிராமபோன் தட்டு மாதிரி ஆகிவிட்டது.

பற்பசை போட்டால் கீறல் போகுமா?

ஆழமில்லாத கீறல் என்றால், ஓரளவு. அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பற்பசையில் மிக நுண்ணிய தூள் இருக்கிறது, அது கீறலின் விளிம்புகளைத் தேய்த்து மழுங்கடிக்கிறது. லேசர் ஒளி சிதறாமல் உள்ளே போய் வருகிறது. வெள்ளைப் பசைதான் வேண்டும், ஜெல் சரிவராது. ஈரத் துணியில் கொஞ்சம் எடுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, பொறுமையாக. பிறகு தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். நகத்தால் தடவும்போது நகம் சிக்கினால், பசை முழுதாகத் தீர்ந்தாலும் அந்தக் கீறல் போகாது. அதற்கு மெருகு போடும் மெஷின் உள்ள கடைக்குத்தான் போக வேண்டும்.

எங்கள் பக்கம் நடக்கும் மற்ற வைத்தியங்கள்: தேங்காய் எண்ணெய் பூசினால் கீறலுக்குள் எண்ணெய் நிரம்பி ஒரு தரம் ஓடலாம், மறுகா அந்த எண்ணெய் சுழற்சியில் தெறித்து லென்ஸில் போய் ஒட்டும். ஒரு சீடியைக் காப்பாற்றப் போய் மெஷினைக் கொல்லாதீர்கள். தின்னர், நகப்பூச்சு அழிக்கும் திரவம் இரண்டும் பிளாஸ்டிக்கையே கரைத்துப் பால் போலாக்கிவிடும். கொரோனா காலத்தில் மிஞ்சிய கை கழுவும் ஜெல்லைப் போட்டுத் துடைத்து ஒருவர் கொண்டு வந்தார். அதிலிருக்கும் பிசுபிசுப்பு படலமாகப் படிந்திருந்தது. வெறும் தண்ணீரும் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவமும் போதும்.

பிஎஸ்3 புளூ-ரே சீடிக்கு இது எதுவுமே வேண்டாம். சீடியில் தரவு 1.2 மில்லிமீற்றர் ஆழத்தில், டிவிடியில் 0.6 மில்லிமீற்றர் ஆழத்தில் இருக்கிறது. புளூ-ரேயில் வெறும் 0.1 மில்லிமீற்றர். அதனால்தான் அதற்கு மேல் கடினமான ஒரு பூச்சுப் போட்டிருக்கிறார்கள். அது இலேசில் கீறாது, ஆனால் கீறினால் தேய்த்து எடுக்க இடமும் இல்லை.

படம் போட்ட மேல் பக்கத்தில்தான் கீறல். அது பரவாயில்லைதானே?

டிவிடி அல்லாத, நிஜச் சீடியில் அதுதான் மோசம். ஆழம் 1.2 மில்லிமீற்றர் என்றால் என்ன அர்த்தம்? கீழிருந்து பார்க்கும்போது தரவு ஆகக் கடைசியில், படத்துக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. பழைய பிஎஸ்1 கேம்கள் எல்லாம் இந்த வகை. பேனையால் அழுத்திப் பெயர் எழுதினாலே போதும், தரவு போய்விடும். பிஎஸ்2இல் அடிப்பக்கம் நீல நிறமாக இருக்கும் கேம்களும் சீடிதான். வெள்ளி நிறத்தவை டிவிடி. டிவிடியில் தரவு இரண்டு தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் மேல் பக்கக் கீறலைக் கொஞ்சம் தாங்கும். பல்புக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளை போல வெளிச்சம் தெரிந்தால் அந்த இடம் போனது போனதுதான்.

நடுத் துளையைச் சுற்றி சின்ன வெடிப்பு இருக்கிறது. போடலாமா?

வேண்டாம். அந்த வேகத்தில் சீடி உள்ளேயே உடைந்து சிதறலாம். பெட்டியிலிருந்து எடுக்கும்போது நடுக் குமிழை அழுத்தி எடுங்கள், ஓரத்தைப் பிடித்து வளைத்து இழுக்காதீர்கள். வெடிப்பு வருவதே அப்படித்தான்.

சீடியில் ஒரு கீறலும் இல்லை. ஆனாலும் வாசிக்கவில்லை.

அப்போது சீடியை விட்டுவிட்டு லென்ஸைப் பார்க்க வேண்டும். முதலில் வேறு இரண்டு மூன்று ஒரிஜினல் சீடி போட்டுப் பாருங்கள். பிஎஸ்2இல் நீலச் சீடி ஓடி, வெள்ளி டிவிடி ஓடவில்லை என்றால் (மாறியும் வரலாம்) அது லேசரின் களைப்பு. இரண்டுக்கும் வேறு வேறு ஒளி: சீடிக்கு 780 நனோமீற்றர், டிவிடிக்கு 650. ஒன்று போய் மற்றது இருக்கலாம். வீயில் ஒரு கேம் மட்டும் வாசிக்கவில்லை என்றால் அது இரட்டை அடுக்கு டிவிடியாக இருக்கக்கூடும். லென்ஸில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் இரண்டாவது அடுக்கில்தான் முதலில் தடுமாறும்.

எங்கள் ஊர்க் காற்று இதற்கு நல்லதல்ல. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். மாரியில் வாடைக் காற்றோடு வரும் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். கச்சான் காற்றுக் காலத்தில் உப்பும் மணலும். (கச்சான் என்றதும் ஞாபகம் வருகிறது: கச்சான் கொட்டை தின்ற கையால் சீடியைத் தொடுவதும் ஒரு தனி வியாதி.) லென்ஸைத் துடைக்கப் பஞ்சுக் குச்சியின் நுனியில் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் ஒரு துளி போதும், அழுத்தம் கூடாது. லென்ஸ் தொங்கிக்கொண்டிருப்பது மயிர் போன்ற கம்பிகளில். பிரஷ் ஒட்டிய துப்புரவுச் சீடிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

லேசரின் பக்கத்தில் சின்னத் திருகு ஒன்று இருக்கும். அதைத் திருப்பினால் லேசருக்குப் போகும் மின்சாரம் கூடி, வாசிக்காத மெஷின் வாசிக்கும். சில கடைகளில் "ரிப்பேர்" என்பதே இதுதான். கண் பார்வை மங்கியவருக்குக் கண்ணாடி கொடுக்காமல் வீட்டு பல்பை மாற்றுவது மாதிரி. கொஞ்ச நாளில் பல்பும் எரிந்துபோகும். லேசரையே மாற்றுவதுதான் முறை.

சிப் அடித்த (கொப்பியும் ஓடும்படி உள்ளே ஒரு சிப் பூட்டிய) பிஎஸ்2, எல்லாம் கொப்பி டிஸ்க். அதனால் லேசர் பழுதாகுமா?

ஓம், வேகமாகப் போகும். எழுதிய டிஸ்க் ஒரிஜினலைவிடக் குறைவாகத்தான் ஒளியைத் திருப்பி அனுப்பும். லேசரும் லென்ஸும் திரும்பத் திரும்ப முயல வேண்டியிருக்கிறது. மலிவு டிஸ்க் என்றால் இன்னும் மோசம். அதோடு கொப்பி டிஸ்க்கில் தரவு இருப்பது சாயத்தில். வெயில் படும் யன்னலில் வைத்தால் கீறலே இல்லாமல் அழிந்துபோகும்.

எக்ஸ்பொக்ஸ் 360இல் சிவப்பு விளக்கு எரிகிறது. துவாயால் சுற்றி வைத்தால் சரிவரும் என்றார்களே?

தயவுசெய்து வேண்டாம். முதலில் பவர் பொத்தானைச் சுற்றி எத்தனை கால்வட்டம் சிவப்பாக எரிகிறது என்று எண்ணுங்கள். நாலும் எரிந்தால் டிவி வயர் கழன்றிருக்கிறது, அவ்வளவுதான். அதற்கே பஸ் ஏறி வந்தவர்கள் உண்டு. இரண்டு என்றால் சூடு கூடிவிட்டது: அணைத்து, ஆறவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஒன்று என்றால் ஏதோ ஒரு பாகத்தில் பிழை, திரையில் ஒரு எண்ணும் வரும். மூன்று எரிந்தால்தான் பயப்பட வேண்டும்.

அந்த மூன்றுக்காகத்தான் மைக்ரோசொஃப்ட் 2007 ஜூலையில் உத்தரவாதத்தை மூன்று வருடமாக்கி, 100 கோடி டொலருக்கு மேல் ஒதுக்கியது. சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி, இப்படித் தினமும் நடப்பதில் சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய இணைப்புகள் வெடித்துப்போகின்றன என்று 2021இல் அந்தக் கம்பனியே விளக்கியது. துவாய் சுற்றினால் சூடு ஏறி வெடித்த இணைப்பு தற்காலிகமாக முட்டிக்கொள்ளலாம். ஒரு கிழமை ஓடும். அதற்கிடையில் மற்றப் பாகங்கள் வெந்துவிடும். இந்த வருத்தம் வந்த தடித்த 360ஐ நான் இப்போது கையில் எடுப்பதில்லை. காசை வாங்கிக்கொண்டு ஒரு மாதத்தில் உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

மெஷினை ஷோகேஸுக்குள் கண்ணாடி மூடி வைப்பது, பாயில் வைப்பது, மேலே பூப்போட்ட துணி விரிப்பது: மூன்றும் துவாய் வைத்தியத்தின் சொந்தக்காரர்கள்தான்.

எக்ஸ்பொக்ஸ் டிரைவ் பழுது. இன்னொரு மெஷினின் டிரைவைப் பூட்டலாமா?

பூட்டலாம், ஆனால் கேம் ஓடாது. 360இல் ஒவ்வொரு டிரைவுக்கும் மெயின் போர்டுக்கும் ஒரு சாவி இருக்கிறது, கலியாணம் கட்டி வைத்தது மாதிரி. பிஎஸ்3இலும் அப்படித்தான். பழைய டிரைவின் போர்டை வைத்துக்கொண்டு லேசரையோ மற்றப் பாகங்களையோ மட்டும் மாற்ற வேண்டும். எனவே பழுதான டிரைவை எறிந்துவிட்டு வராதீர்கள்! ட்ரே திறக்கவில்லை என்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் சின்ன றப்பர் பெல்ட். வயசாகி வழுக்குகிறது.

உள்ளே எறும்பு.

தெரியும். போன மாரியில் ஒரு பிஎஸ்2ஐத் திறந்தேன். பவர் சப்ளை மூலையில் குறுணி அரிசி கொட்டியது போல வெள்ளை முட்டைகள், அதைச் சுற்றி ஆயிரம் சிவப்பு எறும்பு. வெளியே மழை, உள்ளே இளஞ்சூடு. அதுகளுக்கு வேறென்ன வேண்டும்? கரப்பொத்தானும் அப்படித்தான், அதன் எச்சம் போர்டில் ஈரத்தோடு சேர்ந்து செம்பை அரித்துவிடும். மருந்து அடிக்காதீர்கள், அந்தத் திரவம் லென்ஸில் படியும். பாவிக்காத காலத்தில் மெஷினைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் அந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு வையுங்கள்.

வாப்பா கட்டாரிலிருந்து கொண்டு வந்தது. இங்கே குத்தலாமா? ஜப்பான் ரிகண்டிஷன் என்றால்?

கட்டார், டுபாய் மெஷின் என்றால் வோல்ட் பிரச்சினை இல்லை. பிளக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். ஜப்பான் சாமான்தான் ஆபத்து: அங்கே 100 வோல்ட், இங்கே 230. நேரே குத்தினால் "டப்" என்று ஒரு சத்தத்தோடு கதை முடியும். சவூதியின் பழைய வீடுகளில் பாவித்ததையும் பார்த்துத்தான் குத்த வேண்டும். எதுவானாலும் அடியிலோ அடப்டரிலோ ஒட்டியிருக்கும் தாளை வாசியுங்கள். 100-240 என்றிருந்தால் குத்தலாம். 100-127 அல்லது வெறும் 100 என்றிருந்தால் ட்ரான்ஸ்போமர் வேண்டும். 360இல் வெளியே செங்கல் மாதிரி இருக்கும் பவர் பெட்டியை மட்டும் மாற்றினாலே போதும்.

இடி மின்னலுக்கு சுவிட்சை அணைத்தால் போதாதா?

போதாது, பிளக்கைக் கழற்றுங்கள். டிஷ் அன்ரனா வயரையும் கழற்றுங்கள். எல்லோரும் மறப்பது இதைத்தான். மின்னல் டிஷ் வயரால் டிவிக்கு வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வயரால் மெஷினுக்குள் போய்விடுகிறது. மெஷின் கரண்டில் பூட்டியே இருக்காது, ஆனால் எச்டிஎம்ஐ போர்ட் எரிந்திருக்கும். கரண்ட் அடிக்கடி போய் வருவதைக் கேட்டால், 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டிய காலத்தில் எனக்கு வந்தவை பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் குழம்பிய பிஎஸ்3கள். கரண்ட் போனதால் மட்டும் சீடி கீறி வந்தது ஒன்றும் இல்லை.

பிஎஸ்1ஐத் தலைகீழாக வைத்து விளையாடினோமே, அது ஏன் வேலை செய்தது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு இப்போது தலை நரைத்திருக்கும். 1994 டிசம்பரில் ஜப்பானில் வந்த முதல் மொடல்களில், லேசர் ஓடும் தண்டவாளம் பிளாஸ்டிக். பக்கத்தில் சூடான பவர் சப்ளை. நாளடைவில் தேய்ந்து லேசர் சாய்ந்துவிடும். தலைகீழாக வைத்தால் பாரம் மறுபக்கம் விழுந்து லேசர் ஓரளவு நேராகும். பின்னர் வந்த மொடல்களில் அந்த இடத்தையே மாற்றினார்கள்.

பழைய மெஷின் வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

மெஷினைப் பார்க்க முதல், விற்பவரிடம் அவர் அதில் ஓட்டிய சீடிகளைக் கேளுங்கள். மூன்று நாலை யன்னலடியில் திருப்பிப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே வட்டம் என்றால் விலையைக் குறையுங்கள், இல்லை எழும்பி வாருங்கள். பிறகு உங்கள் சொந்தச் சீடி ஒன்றைப் போட்டு அரை மணித்தியாலம் விளையாடுங்கள். பல பிழைகள் சூடேறிய பிறகுதான் முகத்தைக் காட்டும். ஸ்க்ரூவின் தலைகள் தேய்ந்திருக்கின்றனவா, ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். கடற்கரைப் பக்க வீடு என்றால் காற்றுத் துளைகளுக்குள் டோர்ச் அடியுங்கள், உள்ளே தகடு துருவேறியிருந்தால் போர்டும் அப்படித்தான் இருக்கும்.

உங்களிடம் கொண்டு வரும்போது என்னென்ன வேண்டும்?

மெஷின், அதற்குரிய வயர்கள், பிரச்சினை தரும் சீடி, பிரச்சினை தராத சீடி ஒன்று. கீறலைப் பார்த்துச் சொல்லக் காசு இல்லை. மழை நாளென்றால் பொலித்தீனில் சுற்றி வாருங்கள். அப்புறம், புறப்பட முதல் சீடியை வெளியே எடுத்துவிடுங்கள். அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர், நல்ல கேம் ஒன்றை உள்ளே வைத்தபடியே, மெஷினை மோட்டார் சைக்கிள் டேங்கின் மேல் நிறுத்தி வைத்துக்கொண்டு வந்தார். ட்ரேயைத் திறந்தபோது சீடி தட்டிலேயே இல்லை. டிரைவை முழுதாகக் கழற்றித்தான் எடுக்க வேண்டியிருந்தது.